கத்தரிக்கோலும் தினைக்கதிரும்

நமது மேசை இழுப்பறையில் சிறு கத்தரிக்கோல் ஒன்று கிடக்கிறது. கடித உறைகளைப் பிரிப்பதற்கும், மெழுகுதிரிகளின் கருகிய திரியை நறுக்குவதற்கும் வாங்கப்பட்டது அது. அதைக் கொண்டு ஒரு நாள் ஒரு பறவையின் சிறகுகளை வெட்டினோம். பறவைக்கு வலிக்கவில்லை, ஒரு சொட்டுக் குருதியும் சிந்தவில்லை. நகம் வெட்டுவது போன்றதுதான் இது என்று நமக்குச் சொல்லப்பட்டிருந்தது, அது உண்மையுங்கூட. எனினும் அச்செயல் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. வலி இல்லாத இடத்திலும் தீங்கு இருக்கக்கூடுமோ என்னும் வினாவை அது நமக்குள் எழுப்பிவிட்டது. அவ்வினாவோடு ஏறத்தாழ ஈராண்டுகள் வாழ்ந்தபின் இதை எழுதுகிறோம்.

பறவை நம்மிடம் வந்தது தற்செயலாகத்தான். நமது பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று பணிமாற்றத்தால் வடநாட்டிற்குப் புறப்பட்டபோது, "ரெண்டு மாசம் மட்டும் வச்சிருங்க சாமி, வீடு பார்த்ததும் வந்து எடுத்துக்கிறோம்" என்று கூண்டோடு கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று. பின்னர் அவர்களும் கேட்கவில்லை, நாமும் நினைவூட்டவில்லை.

காக்டெயில் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் சிறு கிளியினம் அது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிச் சமவெளிகளே அதன் தாயகம். அங்கே தண்ணீரையும் புல்விதைகளையும் தேடிக் கூட்டங்கூட்டமாக நெடுந்தொலைவு பறந்து திரியும். எடை 100 கிராம் அளவே. சாம்பல் நிற உடல், மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு, தலையில் ஒரு கொண்டை. அந்தக் கொண்டைதான் அதன் மொழி. அஞ்சினால் விறைத்து நிமிரும். சினந்தால் தலையோடு படியும். அமைதியாயிருக்கையில் பாதி சாய்ந்திருக்கும். வீட்டார் அதற்கு இட்ட பெயர் மணி.

நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை வாசகர் அறிவர். (அறிந்தும் வளர்ப்போர் உண்டு, அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.) மணியோ தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வந்த வழியைச் சேர்ந்தது. கதவைத் திறந்து விட்டுவிட்டால் அறம் நிறைவேறிவிடும் என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. இரை தேடவும், பருந்தை அறியவும் அதற்கு எவரும் கற்றுத்தரவில்லை. திறந்து விடுதல் என்பது இங்கே கைகழுவுதலே.

நம்மிடம் வந்தபோதே அதன் சிறகு வெட்டப்பட்டிருந்தது. பறவைகளுக்குப் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் பருவம் ஒன்று உண்டு. வெட்டுண்ட இறகு அப்பருவம் வரும்வரை வளர்வதில்லை. வெட்டிய நுனியோடு அப்படியே நிற்கும். மணிக்கு அப்பருவம் வந்து சென்றது. ஒரு மாலையில் நம் தோளிலிருந்து திடீரென எழும்பி, தானே திகைத்ததுபோல் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிக்கு ஒரு சாண் அருகே சென்று, சுவரில் மோதி விழுந்தது. சமையல் செய்யும் அம்மா ஓடிவந்தார். "றெக்கைய வெட்டி விட்டுருங்க சாமி. இல்லேன்னா ஒரு நாள் விசிறில அடிபட்டுத்தான் சாகும். அந்தப் பாவம் உங்களுக்குத்தான்" என்றார். அச்சத்தில் இருந்த நமக்கு அச்சொல் அறிவுரையாக அன்று, அனுமதியாகவே கேட்டது. மறுநாள் பீடச்சிறுவன் ஒருவன் பறவையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நாம் வெட்டினோம்.

மூன்றாம் நாள், தோளில் அமர்ந்திருந்த மணி மேசைக்குச் செல்ல எண்ணி, சில நாட்களுக்கு முன் தன்னைத் தாங்கிய காற்றை நம்பிக் குதித்தது. காற்று தாங்கவில்லை. சிமென்டுத் தரையில் நெஞ்சு மோத விழுந்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கியபடி சிறிது நேரம் கிடந்தது. பின் எழுந்து நடந்துவந்து நம் கால்விரல்மீது ஏறிற்று.

அது ஏறிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். வெட்டியபின் மணி நம்மிடம் முன்னிலும் நெருக்கமாயிற்று. முன்பெல்லாம் கை நீட்டினால் பலமுறை முகந்திருப்பிக்கொள்ளும். இப்போது உடனே ஏறியது. தரையிலிருந்து கூண்டிற்கும், கூண்டிலிருந்து சன்னலுக்கும் செல்ல நமது கையைத் தவிர வேறு ஏணி அதற்கு இல்லை. வந்தவர்கள், "ஃபாதர்கிட்ட எவ்வளவு பாசம் பாருங்க" என்று வியந்தனர். நமக்கும் அது மகிழ்ச்சியாகவே இருந்தது, இதை மறைப்பதற்கில்லை. ஒரு நாள் கை நீட்டியபோதுதான் அதன் கொண்டை விறைத்து நிமிர்ந்து நிற்பதைக் கண்டோம். அஞ்சிக்கொண்டே ஏறியது. எத்தனை நாளாக அவ்வாறு ஏறிக்கொண்டிருந்ததோ, நமக்குத் தெரியாது. நாம் அதன் காலைத்தான் பார்த்தோம், கொண்டையைப் பார்க்கவில்லை.

வலியில்லாத தீங்கு எங்கே இருந்தது என்பது அன்று ஓரளவு விளங்கியது. ஒவ்வோர் உயிரும் தன் இயல்புக்குரிய செயலிலேயே நிறைவு காண்கிறது என்பது அரிஸ்டாட்டில் தொடங்கித் திருச்சபையின் மறைவல்லுநர் வரை நம் சிந்தனை மரபு ஏற்றுவந்த கருத்து. பறவைக்குப் பறத்தல் என்பது நமக்கு மாலை உலாவைப் போன்ற பொழுதுபோக்கன்று. அதன் உடலே பறத்தலுக்கென அமைந்தது. நெஞ்செலும்பு படகின் அடிமரம்போல் முன்துருத்தி நிற்பது சிறகை அடிக்கும் தசைகள் பற்றிக்கொள்வதற்காக. எலும்புகள் பல உள்ளே பொள்ளலானவை. நுரையீரலோடு காற்றுப் பைகளும் உடலெங்கும் பரவியுள்ளன. இத்தனையையும் வைத்துக்கொண்டு பறக்க இயலாத பறவையை நோயாளி என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நோயை உண்டாக்கிவிட்டு, அதனால் விளைந்த சார்பை அன்பு என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

பாதுகாப்புக்காகத்தானே வெட்டினீர்கள் என்று கேட்கலாம். அந்த வாதத்தை நாமும் நமக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததுண்டு. மின்விசிறியின் ஆபத்து கற்பனையன்று. ஆனால் விசிறியின் பொத்தான் நம் கைக்கெட்டும் சுவரில்தான் இருந்தது. கோடையில் விசிறியை நிறுத்தினால் நமக்கு இடர். சிறகை வெட்டினால் பறவைக்கு இடர். இவ்விரண்டில் எது எளிது என்று பார்த்துத் தேர்ந்தவர் நாம். நமது வசதிக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டினோம். பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றி இவ்விடத்தில் ஓர் உவமை சொல்ல நம் நாக்கு துடிக்கிறது. ஞாயிறு மறையுரைப் பழக்கம் அப்படி. ஆயினும் பறவை இக்கட்டுரையில் பறவையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

புதிய இறகுகள் முழுமையாக முளைக்க ஏழு மாதத்திற்கு மேல் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் வீணாகவில்லை. கூண்டருகே நாற்காலியை இட்டுத் திருப்புகழ்மாலையை வாய்விட்டு வாசித்துவந்தோம், கை நீட்டவில்லை. முதல் சில வாரங்கள் கூண்டின் மறுகோடியிலேயே அமர்ந்திருந்தது. பின்னர் ஒரு மாலையில், நாம் வாசித்துக்கொண்டிருக்க, அலகை நறநறவென மெல்ல அரைக்கும் ஒலி கேட்டது. உறங்கப்போகும் கிளி நிம்மதியாயிருந்தால் எழுப்பும் ஒலி அது. நமது மறையுரையின்போது உறங்குவோரைப் பற்றி நமக்கு இருந்த வருத்தம் அன்று சற்றுக் குறைந்தது.

இறகு முளைத்ததும் வீட்டை மாற்றினோம். விசிறியின் பொத்தான்மீது ஒட்டுநாடாவை ஒட்டினோம். சன்னல் கண்ணாடிகளில் தாள்களை ஒட்டினோம். கண்ணாடியைப் பறவை வெட்டவெளி என்று எண்ணி மோதிவிடும். தண்ணீர் வாளிகள் மூடப்பட்டன. அடுப்படிக் கதவு சாத்தப்பட்டது. அளவுமீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி மனிதருக்குத் தெரியாமலேயே சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும் என்பதை அறிந்தபின், பரிசாக வந்த தோசைக்கல்லைப் பரணில் ஏற்றினோம். சமையல் அம்மாவுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. "கிளிக்காக வீட்டையே மாத்துறீங்க சாமி" என்றார். கிளியை வீட்டுக்காக மாற்றிப் பார்த்தாயிற்று என்று சொல்ல எண்ணினோம், சொல்லவில்லை.

கூட்டிலிருக்கும் காக்டெயில் குஞ்சு பிறந்து ஏறத்தாழ ஐந்து வாரத்தில் வெளிவருகிறது. அதற்கு முன்பே கூட்டிற்குள் சிறகடித்துப் பயிலும். வெளிவந்தபின் பெரியவற்றைத் தொடர்ந்து பறந்து, இடறி, கற்றுக்கொள்ளும். கற்க வேண்டிய காலத்தில் மணியின் சிறகு விற்பனைக்காக வெட்டப்பட்டிருந்தது. ஆகவே வளர்ந்த பறவை குழந்தைப் பாடத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. பறவைக்கு மேலெழும்புவது எளிது, இறங்குவதே அரிது. உடலை நிமிர்த்தி, வாலை விரித்து, சிறகுகளை முன்னோக்கி அடித்து வேகத்தைத் தணித்து, உரிய கணத்தில் காலை நீட்ட வேண்டும். மணி திரைச்சீலையில் மோதித் தொங்கும். நம் தலையில் இறங்கும். ஒருமுறை திருக்குடும்பப் படத்தின் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, இறங்க வகையறியாது அரைமணி நேரம் கூவியது.

பயிற்சி என்பது மிக எளியது. நாற்காலியின் முதுகில் அது இருக்க, ஒரு சாண் தொலைவில் கையை நீட்டி, கையில் தினைக்கதிரை வைத்துச் சீழ்க்கையொலி எழுப்புவோம். தாவி வந்தால் நாலைந்து மணி கொறிக்கும். பின் ஒரு முழம்; பின் அறையின் குறுக்கே; கடைசியாக, யாவற்றிலும் கடினமானது, அலமாரியின் மேலிருந்து கீழே. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். அழைத்து வராவிட்டால் பிடிக்கப் போகக்கூடாது என்பதே நாம் நமக்கு இட்ட ஒரே விதி. அது எளிதில் கைவரவில்லை. நாம் அழைத்தால் வந்து பழகிய மக்களிடையே வாழ்கிறோம். மறுத்துவிட்டு அலகால் இறகைக் கோதிக்கொண்டிருக்கும் ஓர் உயிரின் முன் கையை நீட்டியபடி நின்று, பின் கையை மடக்கிக்கொண்டு, "சரி" என்று சொல்லிப் போக நாம்தான் பயில வேண்டியிருந்தது.

பறவை வளர்ப்பில் அனுபவமுள்ள ஒருவர், "அரை நாள் தீனிய எடுத்துடுங்க ஃபாதர், பறந்து வந்து கையில விழும்" என்றார். பொய்யன்று. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் (1904–1990) தம் புறாக்களை இயல்பான எடையினும் வெகுவாகக் குறைத்துப் பசியில் வைத்தே பழக்கினார். செயலுக்கு உடனே தீனி என்ற அம்முறையின் ஆற்றலை உலகம் அவரிடம்தான் தெளிவாகக் கற்றது. இரண்டாம் உலகப் போரின்போது, இலக்கின் உருவத்தை அலகால் கொத்திக் குண்டை வழிநடத்தவும் அவர் புறாக்களைப் பழக்கிக் காட்டினார். அத்திட்டம் போர்க்களத்தை எட்டவில்லை. ஆனால் நமக்கு அதில் ஒன்று உறைத்தது. தினைக்கதிரைக் கொண்டு பறவையைக் கைக்கும் வரவழைக்கலாம், குண்டிற்குள்ளும் இருத்தலாம். முறை தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அடிப்பதைவிட மென்மையானது என்பதாலேயே அது அன்பாகிவிடாது. பசி கண்ணுக்குத் தெரியாத கயிறு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பறவை தானாக வருகிறது என்று சொல்வது மீண்டும் அந்தப் பழைய பொய்தான்.

எனவே தீனியை எடுக்கவில்லை. இரவெல்லாம் உண்ணாத பறவைக்குக் காலையில் இருக்கும் இயல்பான பசியோடு நிறுத்திக்கொண்டோம். சில மாதங்களுக்குப்பின், கிண்ணம் நிறைந்திருக்கும்போதும், கையில் எதுவும் இல்லாதபோதும் அழைத்துப் பார்த்தோம். சில வேளை வந்தது. பல வேளை வரவில்லை. வந்தபோது கொண்டை பாதி சாய்ந்திருந்தது.

இதற்கிடையில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலையில் சான்றிதழில் கையொப்பம் வாங்க வந்த முதியவர் ஒருவர், நாம் பறவையோடு இருந்ததால், பத்து நிமிடம் தாழ்வாரத்தில் நின்றபடி காத்திருந்தார். "பரவாயில்லை சாமி, கிளிக்குப் பாடம் நடக்குதுன்னு சொன்னாங்க" என்றார். கிண்டலில்லாமல்தான் சொன்னார், அதனாலேயே அது தைத்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்கிறது. அதே மூச்சில், மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை விலங்குகள்மேல் திருப்பலாகாது என்றும் எச்சரிக்கிறது. முன்பாதியை மேற்கோள் காட்டுவது நமக்கு இன்பம். பின்பாதிக்குத் தாழ்வாரத்தில் ஒருவர் காத்து நின்றார்.

கடந்த ஆண்டு, மின்பணியாளர் ஒருவர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஏணியை எடுக்கப் போன வேளையில், மணி வெளியே பறந்துவிட்டது. தன் வாழ்வில் முதன்முறையாகக் கூரையில்லாத வெளியைக் கண்ட அந்தப் பறவை ஆலயத்தின்மேல் இருமுறை வட்டமிட்டது. அழகாகப் பறந்தது என்பதை அந்தக் கலக்கத்திலும் நாம் கண்டோம். பின் வேப்பமரத்தின் உச்சியில் போய் அமர்ந்துகொண்டது. காக்கைகள் கூடின. அழைத்தோம், அதுவும் கூவியது, இறங்கவில்லை. அலமாரியின் உயரத்திலிருந்து இறங்கக் கற்றுக்கொடுத்திருந்தோமே ஒழிய, மரத்தின் உயரத்திலிருந்து அன்று. இருட்டும்வரை சிறுவர்கள் மரத்தடியில் நின்று கல்லெறிந்து காக்கைகளை விரட்டினார்கள். இரவில் நாம் இருமுறை எழுந்துபோய் விளக்கடித்துப் பார்த்தோம். இலைகளுக்கிடையே ஒன்றும் தெரியவில்லை.

விடியற்காலையில் சீழ்க்கையடித்தோம். மேலிருந்து பதில் வந்தது. உச்சியிலிருந்து நடுக்கிளைக்கு வந்தது. அங்கே நெடுநேரம் இருந்தது. பின் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிற்கு. பின் மதில்மேல். காலைத் திருப்பலிக்கு முதல் மணி அடித்தபோது, நம் முன்கைமேல் வந்து இறங்கியது. கொண்டை விறைத்திருந்தது, உடல் நடுங்கியது, தினையை மும்முரமாகக் கொத்தியது.

நண்பரான அருட்பணியாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "பசிச்சது, வந்தது. கிளிக்கு மனச்சான்றா உண்டு?" என்று சிரித்தார். குருமடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து தேர்வுக்காக மனனம் செய்த பகுதி ஒன்று அவர் நினைவில் இருந்தது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியற் பெருந்தொகுப்பில், ஓநாயைக் கண்ட ஆடு விலகி ஓடுவதும் ஒரு தீர்ப்பே, ஆனால் அது ஆய்ந்து தேர்ந்த தீர்ப்பன்று, இயல்பூக்கத்தால் எழுந்த தீர்ப்பு என்கிறார். இதுவா அதுவா என ஒப்பிட்டுத் தெரிந்தெடுக்கும் தன்னுரிமை மனிதனுக்கே உண்டு. இதை நாம் மறுக்கவில்லை. மணி நம்மை நாடி வந்ததா, தினையை நாடி வந்ததா, இவ்விரண்டும் அதற்கு ஒன்றுதானா என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. ஆனால் அக்குவினாஸ் சொல்வது உண்மையானால், அந்த அறையில் தன்னுரிமை உடையவர் ஒருவரே இருந்தார். கத்தரிக்கோலும் அவர் கையில்தான் இருந்தது, தினைக்கதிரும் அவர் கையில்தான் இருந்தது. பறவையின் உள்ளம் நமக்கு மூடப்பட்டது என்பதால் நமது உள்ளமும் நமக்கு மூடப்பட்டதாகிவிடாதே. அது அஞ்சி ஏறியபோது நாம் மகிழ்ந்தோம் அல்லவா, அதற்கு எந்தக் கிளியின் மனச்சான்றும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. நண்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "உண்டோ இல்லையோ, எனக்கு உண்டு" என்று மட்டும் சொன்னோம். அவர் பேச்சை மாற்றினார்.

மணி திரும்பி வந்த அன்று மாலை, சமையல் அம்மா இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தார். "இப்பவாவது வெட்டுங்க சாமி. ராத்திரி பூரா நீங்க பட்ட பாட்ட நான் பார்த்தேன்" என்றார். அவர் சொன்னது நம்மீதுள்ள அக்கறையால். உண்மையாகவே அந்த இரவைப் போல் இன்னோர் இரவை நாம் விரும்பவில்லை. கத்தரிக்கோல் இரண்டு நாள் மேசைமேலேயே கிடந்தது. நம் கை அதை நோக்கிச் செல்லவே இல்லை என்று எழுத விரும்புகிறோம். ஆனால் ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் தச்சரை அழைத்து, பின்கதவுக்கு உள்ளே கம்பிவலைக் கதவு ஒன்றும், தாழ்வாரம் முழுவதற்கும் வலையும் அடிக்கச் சொன்னோம். செலவு நமது சொந்தக் கணக்கில். வலையும் கூண்டுதானே என்று கேட்டால், ஆம் என்பதைத் தவிர நம்மிடம் விடையில்லை. பெரிய கூண்டு, அதற்குள் சிறகுகள் முழுமையாக உள்ளன.

நமது ஆலயக் கோபுரத்தின் பொந்துகளில் பச்சைக்கிளிகள் வாழ்கின்றன. மாலை ஐந்தரை மணியளவில் கூட்டமாகக் கத்திக்கொண்டு அடைய வரும். அவ்வேளையில் மணி தாழ்வாரத்து வலையைப் பற்றிக்கொண்டு, கொண்டையை உயர்த்தி, அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். நேற்றும் அப்படித்தான். நாம் சீழ்க்கையடித்துக் கையை நீட்டினோம். தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தது; மீண்டும் கோபுரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. தினைக்கதிரைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, செபமாலைக்கு நேரமாகிவிட்டதால் ஆலயத்திற்குப் புறப்பட்டோம்.